வாசகர் கேள்வி–பதில்: கண்ணில் பட்டதெல்லாம் தரவாகுமா?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நடத்தை அறிவியலில் கள ஆய்வு செய்பவர்கள் எழுதியவை. ஆகவே இம்முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். சிலர் பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எவர் பெயரையும் குறிப்பிடவில்லை.

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் மலைக்கோயிலில் வாழும் நாட்டுக் குரங்குக் கூட்டம் ஒன்றை இரண்டு மாதமாகக் காலையிலும் மாலையிலும் பார்த்து, கண்ணில் பட்டதையெல்லாம் எழுதி மூன்று நோட்டுகளை நிரப்பியிருக்கிறேன். கடுவன்கள் (ஆண் குரங்குகள்) மந்திகளைவிட (பெண் குரங்குகள்) அதிகமாகச் சண்டையிடுகின்றன என்பது என் முடிவு. இந்தக் குறிப்புகளை வைத்து அப்படிச் சொல்ல முடியாது என்கிறார் என் வழிகாட்டி. என் உழைப்பு வீணாகிவிட்டதா?
(முதுகலை விலங்கியல் மாணவி, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: உழைப்பு வீணாகவில்லை, ஆனால் உங்கள் வழிகாட்டி சொன்னதும் சரியே. கண்ணில் பட்டதை எழுதுவது என்று தொடங்கிவிட்டால், எது கண்ணில் பட வேண்டும் என்பதைக் குரங்குகளே முடிவு செய்துவிடுகின்றன. சண்டை என்றால் கூச்சலும் ஓட்டமும் இருக்கும். கோபுரத்துக்கு மறுபக்கம் நடந்தாலும் காதில் விழுந்து நீங்கள் திரும்பிப் பார்த்துவிடுவீர்கள். ஒரு மந்தி இன்னொரு மந்தியை ஓசையின்றி நகர்த்திவிட்டு அதன் இடத்தில் உட்காருவதும் மோதல்தான், ஆனால் அது எவர் காதிலும் விழாது. உருவில் பெரிய கடுவன் மதில்மேல் வெளிப்படையாக உட்காரும். குட்டியை வயிற்றில் சுமக்கும் மந்தி இலை மறைவில் ஒதுங்கும். உங்கள் நோட்டில் கடுவன்களின் சண்டை கூடுதலாக இருப்பதற்கு, அவை உண்மையிலேயே கூடுதலாகச் சண்டையிட்டது காரணமாக இருக்கலாம். அவற்றை நீங்கள் கூடுதலாகப் பார்த்ததும் காரணமாக இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய அந்தக் குறிப்புகளில் வழியே இல்லை.

இந்தச் சிக்கலைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ஜீன் ஆல்ட்மன். கணிதம் படித்துவிட்டு விலங்கு நடத்தை ஆய்வுக்கு வந்தவர். கென்யாவின் தென்பகுதியில், கிளிமஞ்சாரோ மலையின் அடிவாரத்தில் உள்ள அம்போசெலியில் பபூன் குரங்குகளை ஆராய்ந்தவர். 1971-இல் அங்கே தொடங்கிய தொடர் ஆய்வு இன்றளவும் நடந்துவருகிறது. 1974-இல் அவர் வெளியிட்ட, ஏறத்தாழ 40 பக்கம் கொண்ட ஒரு கட்டுரை, அதுவரை ஆளுக்கொரு விதமாகக் கையாண்டுவந்த உற்றுநோக்கும் முறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எந்த முறை எந்தக் கேள்விக்கு விடை தரும், எந்தக் கேள்விக்குத் தராது என்று எடைபோட்டது. நீங்கள் கையாண்ட முறைக்கு அவர் வைத்த பெயர் அட் லிபிட்டம், அதாவது தோன்றியபடி குறித்தல். எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு நேரம் என்ற கேள்விகளுக்கு அது விடை தராது என்பதை அவர் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டினார்.

உங்களுக்குத் தேவையானது ஃபோகல் சாம்பிளிங், அதாவது ஒரு நேரத்தில் ஒரே விலங்கைத் தொடர்வது. முதலில் கிழிந்த காது, முறிந்த வால், முகத்தில் உள்ள தழும்பு போன்ற அடையாளங்களைக் கொண்டு ஒவ்வொரு குரங்கையும் தனித்தனியே அறிந்துகொள்ளுங்கள். முதல் நாள் இரவே சீட்டுக் குலுக்கி, மறுநாள் எந்த வரிசையில் எதைப் பார்ப்பது என்று முடிவு செய்துவிடுங்கள். குறித்த பத்து நிமிடமும் அந்த ஒன்றை மட்டுமே பார்க்க வேண்டும். பக்கத்தில் பெரிய சண்டை மூண்டாலும் கண்ணைத் திருப்பக் கூடாது. சொல்வது எளிது, களத்தில் இதைவிடக் கடினமான கட்டுப்பாடு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. காலை 7.20-க்குத் தொடங்குகிறீர்கள், கிழிகாது மந்தி படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறது. 7.22-க்கு இன்னொரு மந்தி வந்து அதன் முதுகில் பேன் பார்க்கத் தொடங்கி, 7.25-க்கு நிறுத்துகிறது. 7.26-க்குக் கிழிகாது எழுந்து மண்டபத் தூணுக்குப் பின்னால் போய்விடுகிறது, 7.29-க்குக் கையில் ஒரு தேங்காய்ச் சில்லுடன் வெளியே வருகிறது. 7.30-க்கு நேரம் முடிகிறது. இதில் பேன் பார்க்கப்பட்டது 3 நிமிடம். இதைப் பத்து நிமிடத்துக்கு மூன்று என்று எழுதக் கூடாது. தூணுக்குப் பின்னால் மறைந்திருந்த 3 நிமிடத்தைக் கழித்துவிட்டு, ஏழு நிமிடத்துக்கு மூன்று என்றுதான் எழுத வேண்டும். தேங்காய்ச் சில்லு அதற்கு எப்படிக் கிடைத்தது என்பதை நீங்கள் பார்க்கவில்லை. ஆகவே எவரிடமிருந்தோ பறித்திருக்கும் என்று எழுதவும் இடமில்லை.

கூட்டம் முழுவதும் ஒரு நாளில் எவ்வளவு பங்கு நேரத்தை உண்பதிலும் ஓய்விலும் செலவிடுகிறது என்று அறிய விரும்பினால் ஸ்கேன் சாம்பிளிங் போதும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்து, ஒவ்வொன்றும் அந்தக் கணத்தில் என்ன செய்கிறது என்று குறித்தால் போதுமானது. எந்த முறையானாலும் நேரத்தைப் பரவலாக எடுங்கள். கோயில் நடை சாத்திய நண்பகலில் குரங்குகள் வாழும் வாழ்க்கை வேறு, பிரதோஷத்தன்று வாழைப்பழத்துடன் கூட்டம் ஏறி வரும்போது வாழும் வாழ்க்கை வேறு.

குறிப்புகளைப் படித்தபோது இன்னொன்றும் கண்டேன். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் “கடுவன் கோபமாக இருந்தது” என்று இருக்கிறது. கோபத்தை நாம் பார்ப்பதில்லை. “வாயைத் திறந்து, புருவத்தை உயர்த்தி, எதிரில் இருந்ததை இரண்டு நொடி முறைத்தது” என்று எழுதினால், நாளை வேறொருவர் அதே இடத்தில் நின்று அதையே குறிக்க முடியும். களத்தில் இறங்குவதற்கு முன்பே ஒவ்வொரு நடத்தைக்கும் இப்படி ஒரு வரையறை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மேலும், ஒரே கடுவனை 200 முறை பார்த்தால் அது 200 கடுவன்களைப் பார்த்ததாகிவிடாது. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் சூழலியல் ஆய்வுகளில் மலிந்திருந்த இந்தப் பிழையைச் சுட்டிக்காட்டிய பிறகும், ஆய்வேடுகளில் அது குறைந்தபாடில்லை. உங்கள் கூட்டத்தில் ஐந்து கடுவன்கள் இருந்தால் உங்கள் எண்ணிக்கை ஐந்துதான்.

இனி, வீணாகவில்லை என்று சொன்னதற்குக் காரணம். இரண்டு குரங்குகள் மோதும்போது எது விலகிப் போகிறது என்ற குறிப்பை ஆல்ட்மனும் ஏற்றுக்கொள்கிறார். ஏனென்றால் ஒரு மோதல் உங்கள் கண்ணில் படுவதற்கும், அதில் வெல்வது எது என்பதற்கும் பெரும்பாலும் தொடர்பு இருப்பதில்லை. மூன்று நோட்டுகளிலிருந்தும் அந்த வரிகளை மட்டும் தொகுத்தால், கூட்டத்தில் எது எதற்கு அடங்குகிறது என்ற வரிசை கிடைக்கும். வரையறைப் பட்டியலைத் தயாரிப்பதற்கும் அந்த நோட்டுகளே மூலம்.

கேள்வி: தொடக்கப் பள்ளி ஒன்றில் மதிய இடைவேளையில் பிள்ளைகளின் விளையாட்டைக் குறிக்கிறேன். நான் உட்கார்ந்தவுடன் பாதிப் பேர் விளையாட்டை விட்டுவிட்டு என்னையே பார்க்கிறார்கள். என்ன செய்வது?
(இளங்கலை உளவியல் மாணவர், மதுரை)

பதில்: முதல் இரண்டு வாரம் எதையும் குறிக்காமல், நாள்தோறும் அதே நேரத்தில், அதே இடத்தில் போய் உட்காருங்கள். ஜேன் குடால் 1960-இல் தான்சானியாவின் கோம்பேயில் சிம்பன்சிகளை நெருங்குவதற்கு மாதக்கணக்கில் இப்படித்தான் காத்திருந்தார். பின்னர் அவற்றை அருகில் வரவழைக்க வாழைப்பழம் வைத்தபோது, பழம் வைத்த இடத்தில் நெரிசலும் சண்டையும் பெருகியதால் அந்த வழக்கத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. ஆகவே பிள்ளைகள் பழகட்டும் என்று மிட்டாய் கொடுக்காதீர்கள்.

எங்கே உட்காருகிறீர்கள் என்பதும் முக்கியம். ஆசிரியர்கள் உட்காரும் திண்ணையில் நாற்காலி போட்டுக்கொண்டால் பிள்ளைகளுக்கு நீங்களும் ஒரு வாத்தியார்தான். இது பிள்ளைகளிடம் மட்டும் நடப்பதன்று. சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்தின் ஒரு கிராமத்தை ஆய்வு செய்தபோது அக்கிரகாரத்தில் தங்கினார். அதனால் அக்கிரகாரத்து வாழ்க்கையை மிக அருகிலிருந்து அறிய முடிந்தது. அதே காரணத்தால் சேரியில் வாழ்ந்தவர்களைப் பற்றி அந்த அளவு அறிய முடியாமல் போயிற்று என்பதை அவரே வெளிப்படையாகப் பதிவு செய்தார். நீங்களும் உட்கார்ந்த இடத்தை ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் நகரில் இரு சக்கர வாகன ஓட்டிகளிடம் படிவம் கொடுத்துக் கேட்டோம். ஏறக்குறைய எல்லோருமே தவறாமல் தலைக்கவசம் அணிவதாக எழுதியிருக்கிறார்கள். தெருவில் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மக்கள் பொய் சொல்கிறார்களா?
(தன்னார்வத் தொண்டர், ஈரோடு)

பதில்: பொய் என்ற சொல்லை இங்கே அவசரப்பட்டுப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள இந்த இடைவெளியை அளந்த ஆய்வுகளில் பழமையானதும் பெரிதும் பேசப்பட்டதும் அமெரிக்கச் சமூகவியலாளர் ரிச்சர்ட் லபியர் 1934-இல் வெளியிட்டது. அமெரிக்காவில் சீனர்கள்மீது கடும் வெறுப்பு நிலவிய காலத்தில், இளம் சீனத் தம்பதி ஒருவருடன் அவர் நாடு முழுவதும் காரில் பயணம் செய்தார். தாம் பெட்டிகளை இறக்குவதில் ஈடுபட்டிருப்பதுபோல் பின்தங்கிவிட்டு, அறை கேட்கவும் உணவகத்துக்குள் நுழையவும் இயன்றவரை அவர்களையே முன்னால் அனுப்பினார். 251 இடங்களில் ஒரே ஓர் இடம்தான் அவர்களை ஏற்க மறுத்தது. ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்கு, சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா என்று கேட்டுக் கடிதம் அனுப்பினார். 128 பதில்கள் வந்தன. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை, ஏற்க மாட்டோம் என்றன.

உங்கள் நகரில் நடந்தது இதற்கு நேர் எதிர்: அங்கே சொல் கடுமையாகவும் செயல் இணக்கமாகவும் இருந்தன, இங்கே சொல் நன்றாக இருக்கிறது, செயல் பின்தங்குகிறது. எனினும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. படிவத்தில் விடை எழுதும் சூழல் வேறு, செயல்படும் சூழல் வேறு. லபியரின் ஆய்வில் குறைகளும் உண்டு. கடிதத்துக்குப் பதில் எழுதிய உரிமையாளரும், அன்று அறை கொடுத்த பணியாளரும் ஒருவரேதானா என்பது தெரியாது. வாசலில் நின்றவர்கள் நன்கு உடுத்தி, தெளிவான ஆங்கிலம் பேசிய, புன்னகை மாறாத இருவர். கடிதத்தில் இருந்ததோ ஓர் இனத்தின் பெயர் மட்டும். “நீங்கள் தலைக்கவசம் அணிவீர்களா” என்ற உங்கள் கேள்வியும் அப்படிப்பட்டதுதான்; பக்கத்துத் தெருக் கடைக்குப் பால் வாங்கப் போகும் ஐந்து நிமிடப் பயணத்தை அந்தக் கேள்வியைப் படிப்பவர் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

ஆகவே எண்ணிப் பாருங்கள். நகரின் சாலைச் சந்திப்புகளையெல்லாம் பட்டியலிட்டு, அவற்றில் சிலவற்றைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள்; நாளையும் நேரத்தையும் அவ்வாறே எடுங்கள். வசதியான டீக்கடை வாசலைத் தேர்ந்தெடுத்தால் அந்த வாசலைப் பற்றிய உண்மை மட்டுமே கிடைக்கும். எல்லா வண்டிகளையும் எண்ண முடியாது என்பதால் ஒவ்வோர் ஐந்தாவது வண்டியையும் குறியுங்கள். தலையில் அணிந்து வார் மாட்டியவர், வார் மாட்டாதவர், முழங்கையிலோ பெட்ரோல் டேங்க்மீதோ தலைக்கவசத்தை வைத்திருப்பவர், கொண்டே வராதவர் எனப் பிரித்து எழுதுங்கள். பின்னால் அமர்ந்திருப்பவருக்குத் தனிக் கட்டம் வேண்டும். போக்குவரத்துக் காவலர் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் நின்றாரா என்பதை ஒவ்வொரு முறையும் குறிக்கத் தவறாதீர்கள். வண்டி எண்ணை எழுத வேண்டிய தேவை எங்குமே இல்லை.

கேள்வி: நானும் என் தோழரும் ஒரே காட்சிகளைத் தனித்தனியே குறித்தோம், 90 விழுக்காடு ஒத்துப்போகிறது. ஆனால் ஆய்விதழ் மதிப்பீட்டாளர் காப்பா மதிப்பைக் கேட்கிறார். 90 போதாதா?
(முனைவர் பட்ட ஆய்வாளர், புதுச்சேரி)

பதில்: போதாது. இதைக் கரும்பலகையில் கணக்காகப் போட்டுக் காட்டினால்தான் மாணவர்கள் நம்புகிறார்கள் என்பதால் இங்கும் அப்படியே செய்கிறேன். 100 காட்சிகளில் குரங்கு பேன் பார்க்கிறதா இல்லையா என்று இருவரும் குறிக்கிறீர்கள். நீங்கள் 10 காட்சிகளிலும் அவர் 10 காட்சிகளிலும் பேன் பார்த்ததாகக் குறித்திருக்கிறீர்கள். ஆனால் இருவரும் ஒரே காட்சியில் அப்படிக் குறித்தது 5 முறைதான். இருவருமே இல்லை என்று குறித்த காட்சிகள் 85. ஆக, ஒத்துப்போனவை 90.

இப்போது இருவரும் காட்சியைப் பார்க்காமலேயே, பத்தில் ஒன்றுக்கு மனம்போனபடி ஆம் என்று குறித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இருவரும் ஆம் என்பது 100-க்கு 1 முறையும், இருவரும் இல்லை என்பது 81 முறையும் தற்செயலாகவே அமைந்து, ஒப்புமை 82-ஐத் தொட்டிருக்கும். அதாவது 82-க்கு மேல் எஞ்சிய 18-இல் நீங்கள் உண்மையாக ஈட்டியது 8 மட்டும். எட்டைப் பதினெட்டால் வகுத்தால் 0.44. தற்செயலாக அமையும் ஒப்புமையைக் கழித்துவிட்டு எஞ்சியதை அளக்க ஜேக்கப் கோஹன் 1960-இல் முன்வைத்த காப்பா என்பது இதுதான். பேன் பார்த்தல் என்று எவரேனும் ஒருவர் குறித்த 15 காட்சிகளில் 10-இல் உங்களுக்குள் உடன்பாடு இல்லை என்பதை 90 என்ற எண் மறைத்துவிட்டது.

அந்தப் பத்துக் காட்சிகளையும் இருவரும் சேர்ந்து மீண்டும் பாருங்கள். ஒருவர் கை ரோமத்தைத் தொட்டவுடன் குறிக்கிறார், மற்றவர் ரோமத்தை விலக்கித் தேடினால்தான் குறிக்கிறார் என்பது போன்ற ஒரு வேறுபாடு பெரும்பாலும் வெளிப்படும். வரையறையைத் திருத்திவிட்டு, புதிய காட்சிகளில் மறுபடியும் தனித்தனியே குறியுங்கள். பழைய காட்சிகளிலேயே சோதித்தால் அது நினைவாற்றலுக்கு வைக்கும் தேர்வாகிவிடும்.

கேள்வி: வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதால் காரணத்தை அறிய முடியாது என்கிறார்களே. ஆய்வகத்துக்கு வெளியே, பொது இடத்தில் சோதனை செய்ய இயலுமா? அது முறையா?
(கல்லூரி விரிவுரையாளர், யாழ்ப்பாணம்)

பதில்: இயலும். இர்விங் பிலியாவின், ஜூடித் ராடின், ஜேன் பிலியாவின் ஆகிய மூவரும் 1969-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். நியூயார்க் சுரங்க ரயிலில், இரு நிலையங்களுக்கு இடையே ஏழரை நிமிடம் நிற்காமல் ஓடும் ஒரு பகுதியில், மாணவர் ஒருவர் தடுமாறி விழுவார். சில பயணங்களில் கையில் ஊன்றுகோல் இருக்கும். சிலவற்றில் மது வாடையும் காகித உறையில் சுற்றிய புட்டியும் இருக்கும். ஊன்றுகோலுடன் விழுந்த 65 முறைகளில் 62 முறை பயணிகள் தாமாகவே உதவினர். குடித்தவர்போல் விழுந்த 38 முறைகளில் 19 முறை. மற்றவை பெரும்பாலும் ஒன்றாக இருக்க, ஒன்றை மட்டும் மாற்றியதால் காரணத்தைப் பற்றிப் பேச முடிந்தது. 65, 38 என்று எண்ணிக்கை ஏன் ஏறுமாறாக இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு குழுவில் விழுந்து நடித்தவருக்குக் குடிகாரராக நடிக்கப் பிடிக்கவில்லை. அந்தக் குழு ஊன்றுகோலுடனேயே தொடர்ந்தது. இதை மறைக்காமல் கட்டுரையில் எழுதினார்கள் என்பதற்காகவே இந்த ஆய்வை நான் மதிக்கிறேன்.

முறையா என்பதற்கு என் பதில் அவ்வளவு எளிதாக இல்லை. ஏறத்தாழ 4,450 பயணிகள், தாங்கள் ஆய்வுக்கு உட்பட்டிருப்பதை அறியாமலேயே அதில் இடம்பெற்றனர். பதறிப்போய் ஓடி வந்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். பொது இடத்தில் எவரும் காணக்கூடியதைப் பார்த்து, ஆளை அடையாளம் காட்டாமல் எண்ணுவதை, ஆய்வு முறையானதா என்று பார்க்கும் நெறிக்குழுக்கள் பொதுவாக ஏற்கின்றன. ஆள்களுக்கு முன்னால் ஒரு துயரக் காட்சியை நடித்துக் காட்டுவது வேறு. உங்கள் நிறுவனத்தின் நெறிக்குழுவிடம் எழுத்துமூலம் ஒப்புதல் பெறாமல் ஒரு முறைகூட முன்னோட்டம் பார்க்காதீர்கள். போரையும் காணாமற்போனவர்களையும் நினைவில் சுமக்கும் மக்களிடையே, விழுந்து கிடக்கும் மனிதரைக் காட்டும் எந்தச் சோதனையையும் நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: களக் குறிப்புகளைக் கைப்பேசியில் வைத்திருந்தால் போதுமா?
(சமூகப்பணித் துறை மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: எதில் எழுதினாலும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். மைசூர்ப் பகுதியில் ராம்புரா என்று தாம் பெயரிட்ட கிராமத்தில் 1948-இல் ஆய்வு செய்த சமூகவியலாளர் எம். என். சீனிவாஸ், அந்தக் குறிப்புகளைப் பல ஆண்டுகள் பாடுபட்டுச் சீர்படுத்தி மூன்று பிரதிகள் வைத்திருந்தார். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உள்ள நடத்தை அறிவியல் உயராய்வு மையத்தில் அவர் தங்கியிருந்தபோது, 1970 ஏப்ரல் 24 அன்று வைக்கப்பட்ட தீயில் மூன்றும் எரிந்தன. மூன்றும் அதே அறையில் இருந்தன. அதன்பின் அவர் பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுதிய நூல் 1976-இல் வெளிவந்தது.

களத்தில் எழுதிய துண்டுக் குறிப்புகளை அன்றிரவே விரித்து எழுதிவிடுங்கள். மறுநாள் புதிய காட்சிகள் பழையவற்றின்மீது படிந்துவிடும். ஆள்களின் பெயருக்குப் பதில் குறியெண் இடுங்கள்; எந்த எண் யாருக்கு உரியது என்ற பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள். விரித்து எழுதியதன் ஒரு பிரதி உங்களிடமும், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடமும் வாரந்தோறும் சேர வேண்டும்.